கண்ணுக்குத் தெரிந்த கட்டி

2018 ஆகஸ்டில் ஒரு ராத்திரி, சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து அப்பாவின் ஈரலை லேப்டாப்பில் திறந்தேன். பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுத்த இடத்தில் ஒரு பெரிய கவரும், அதற்குள் நாலு ஃபிலிமும், ஒரு சிடியும் தந்திருந்தார்கள். என் லேப்டாப்பில் சிடி போட வழி கிடையாது. பக்கத்துத் தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அத்தானிடம் போய், சிடியில் இருந்ததைப் பென் டிரைவில் மாற்றி வாங்கி வந்தேன். கீழே அப்பா டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மேலே அவர் எழுநூற்றுச் சொச்சம் படங்களாக இருந்தார்.

மவுஸ் சக்கரத்தை உருட்ட உருட்ட விலா எலும்புகள் வந்து போயின. நுரையீரலின் அடிப்பகுதி, இரைப்பை, முதுகெலும்பு. பிறகு சாம்பல் நிறத்தில் ஈரல். ஒரு வரிசைப் படங்களில் அதற்குள் இரண்டு இடம் வெளுப்பாக மினுங்கியது. அடுத்த வரிசையில், கொஞ்சம் நேரம் கழித்து எடுத்தவற்றில், அதே இரண்டு இடமும் சுற்றியிருந்ததைவிடக் கறுத்துப் போயிருந்தது. நான் சாஃப்ட்வேர் ஆள். எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் ரிப்போர்ட்டில் எழுதியிருந்ததும் இந்த இரண்டு நிறம் பற்றித்தான் என்று புரிந்தது.

இரண்டு வாரம் கழித்து மதுரையில் ஒரு டாக்டர் அதை விளக்கினார். ஈரல் ஏற்கெனவே சிரோசிஸால் சுருங்கியிருக்கிறது, வெட்டி எடுத்தால் மிச்ச ஈரல் தாங்காது. ஒரு கட்டி சின்னது. மற்றது பெரியது, அதோடு ஒரு பெரிய ரத்தக்குழாயை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அதனால் தொடையில் ஒரு துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாகவே மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் கிளையை மட்டும் கண்டுபிடித்து, மருந்தை விட்டு அடைத்துவிடலாம் என்றார்.

அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷத்துக்கு மேல் கன்னடியன் கால்வாயில் ஷட்டர் ஏற்றி இறக்கியவர். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்பம் ஆத்துல கை வைக்காம மடைய மட்டும் அடைக்கேன்னு சொல்லுதீய" என்றார்.

டாக்டர் சிரித்தார். "அதேதான் அய்யா. இதைவிட நல்லா நான் சொல்ல முடியாது."

அந்த நாளிலிருந்து எனக்கு ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. மடையை அடைப்பது பெரிய விஷயமில்லை. எந்த மடை என்று எப்படித் தெரிந்தது? வயிற்றைக் கிழிக்காமல், உயிரோடு இருக்கும் ஒருவரின் உள்ளே இருப்பதைப் பார்க்க மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள்? அதைத் தேடிப் படித்ததில் நான் புரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

*

எங்கள் குடும்பத்தில் கேன்சர் புதிதல்ல. ஆச்சிக்குப் பெரியம்மா முறை ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் பெரியாச்சி. வெற்றிலையும் புகையிலையும் வாயில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லையாம். 1930-களில் கன்னத்துக்குள் ஒரு புண் வந்து ஆறவேயில்லை. வெளியே வீங்கிய பிறகு மாட்டு வண்டி கட்டி, வள்ளியூர், பணகுடி வழியாக ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டித் திருவிதாங்கூர் எல்லைக்குள் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேர மூன்று நாள். திரும்பி வந்தபோது ஒரு பக்கக் கன்னம் குழிந்திருந்தது, ஆனால் உயிரோடு வந்தார். "இமயமலை ஏறுன வெள்ளக்கார டாக்டரு இருந்தாவளாம் அங்க" என்று ஆச்சி சொல்லும்போது நான் அதைக் கதை என்றே நினைத்திருந்தேன்.

கதை இல்லை. ஹோவர்ட் சோமர்வெல் 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் பயணங்களில் இருந்தவர். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், நெய்யூருக்கு வந்து அங்கே ஒரே ஒரு டாக்டருக்காகக் காத்திருந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு அந்த மிஷன் ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்தார். 1924-ல் மல்லோரி கடைசியாக மேலே ஏறியபோது கொண்டுபோன கேமரா சோமர்வெல்லுடையது. மல்லோரியின் உடல் 1999-ல் கிடைத்தது, கேமரா கிடைக்கவில்லை.

நெய்யூர் மருத்துவ மிஷன் 1838-ல் தொடங்கியது. புற்றுநோய் வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு. அங்கே வேலை பார்த்த பென்டால் என்ற டாக்டர் 1908-ல் திருவிதாங்கூரின் புற்றுநோய் பற்றி, 1,700 நோயாளிகளின் கணக்கோடு, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அதில் பெரும்பகுதி வாய்ப்புற்று. அதே ஆண்டு அதே இதழில் ஃபெல்ஸ் என்ற இன்னொருவர் தென்னிந்திய வாய்ப்புற்று பற்றி, 209 அறுவை சிகிச்சைகளை வைத்து எழுதினார். 1933-ல் அயன் ஓர் என்பவர் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்று பற்றி லான்செட்டில் எழுதினார். வெற்றிலையோடு சேர்க்கும் புகையிலைக்கும் கன்னத்துப் புற்றுக்கும் உள்ள தொடர்பை உலகம் நம் பக்கத்திலிருந்துதான் நிறையக் கற்றுக்கொண்டது.

இந்தக் கணக்குகளை முதலில் படித்தபோது, நம் பக்கத்தில் வாய்ப்புற்று அவ்வளவு அதிகமா என்று நினைத்தேன். அதிகம்தான், காரணம் வெற்றிலைச் செல்லத்தில் இருந்தது. ஆனால் இரண்டாம் முறை யோசித்தபோது வேறொன்று தோன்றியது. வாயைத் திறந்தால் தெரியும் கட்டி அது. கன்னம் வீங்கினால் ஊரே பார்க்கும். அதே காலத்தில் எத்தனை பேர் ஈரலில் கட்டியோடு செத்திருப்பார்கள்? அவர்களுக்கெல்லாம் ஊரில் சொன்ன பெயர் வேறு. "வயித்துல நீர் கட்டிப் போச்சி." "மஞ்சக்காமால முத்திட்டு." கண்ணுக்குத் தெரிந்த கட்டிக்கு மட்டும்தான் கணக்கு இருந்தது. கணக்கு இருந்ததற்கு மட்டும்தான் வைத்தியமும் இருந்தது.

*

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டார். அடுத்த மாதம் தன் மனைவியின் கையைப் படமெடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரியும் அந்தப் படம் பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் பார்த்ததுதான். கொஞ்ச வருஷத்தில் எக்ஸ்ரே உலகமெங்கும் பரவியது. சென்னை பொது மருத்துவமனையில் 1934-ல் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது.

ஆனால் எக்ஸ்ரேக்கு எலும்பு தெரியும், உலோகம் தெரியும், ஈரல் தெரியாது. ஈரல், அதற்குள் ஓடும் ரத்தம், அதற்குள் வளரும் கட்டி மூன்றும் அதற்கு ஏறத்தாழ ஒரே சாம்பல்தான். உள்ளே எதையாவது ஊற்றி அதன் நிழலைப் பார்த்தால்தான் உண்டு. ஊற்றுவதற்கு என்ன கிடைக்கும் என்று தேடியதில் இரண்டு பொருள்கள் முக்கியமானவை. இரண்டிலுமே எனக்கு நம் ஊர் வாசனை அடித்தது.

ஒன்று கசகசா. கசகசா எண்ணெயோடு அயோடினைச் சேர்த்து 1901-ல் பிரான்சில் கெர்பே என்பவர் ஒரு மருந்து செய்தார். அதன் பெயர் லிப்பியோடால். அயோடின் கனமான அணு, எக்ஸ்ரேயை மறிக்கும். 1921-ல் சிக்கார், ஃபாரஸ்டியே என்ற இரண்டு டாக்டர்கள் இதை முதுகுத்தண்டுக்குள் செலுத்திப் படமெடுக்கலாம் என்று கண்டார்கள். குருமாவுக்கு அரைத்து ஊற்றுகிற அதே விதையின் எண்ணெய்தான்.

மற்றது தோரியம். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்டுபிடித்தார். நெய்யூரிலிருந்து கூப்பிடு தூரம் கொஞ்சம் தாண்டினால் அந்தக் கடற்கரை வந்துவிடும். தோரியம் எடுப்பது மோனசைட்டிலிருந்துதான். அந்தக் காலத்தில் திருவிதாங்கூர் அதற்கு உலகின் முக்கியமான ஊற்று. பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டில் எரிந்ததும் தோரியத்தால்தான். 1930 வாக்கில் ஜெர்மனியில் தோரியம் ஆக்சைடைக் கரைசலாக்கி 'தோரோட்ராஸ்ட்' என்று விற்றார்கள். ரத்தக்குழாயில் செலுத்தினால் படம் அவ்வளவு தெளிவாக விழுந்தது, அந்த நேரத்தில் வலியோ ஒவ்வாமையோ பெரிதாக இல்லை. டாக்டர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது.

தோரியம் கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டுகள். உடம்பு அதை வெளியேற்றத் தெரியாமல் ஈரலிலும் மண்ணீரலிலும் கொண்டுபோய்ச் சேர்த்து வைத்தது. இருபது, முப்பது வருஷம் கழித்து அந்த ஆட்களுக்கு ஈரலில் புற்று வந்தது. 1950-களில் அதன் பயன்பாடு நின்றது. உள்ளே பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு முதலில் விலை கொடுத்த உறுப்புகளில் ஒன்று ஈரல்.

*

அடுத்த சிக்கல், ஊற்றுவதை எப்படிச் சரியான இடத்துக்குக் கொண்டுபோவது. தமனிக்குள் குழாய் விட வேண்டுமென்றால் தோலைக் கீறி, தமனியை வெளியே எடுத்து, அதையும் கீற வேண்டியிருந்தது. அதுவே ஓர் ஆபரேஷன்.

1953-ல் ஸ்வீடனின் செல்டிங்கர் எழுதிய கட்டுரை இதை மாற்றியது. அவர் அப்போது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த கதிரியல் டாக்டர். செய்முறை இவ்வளவுதான்: ஊசியைத் தமனிக்குள் குத்து. ஊசியின் துளை வழியே ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விடு. கம்பியை அப்படியே வைத்துக்கொண்டு ஊசியை உருவு. கம்பியின் மேல் குழாயைக் கோத்துத் தள்ளு. குழாய் உள்ளே போனதும் கம்பியை உருவு. பாவாடைக்கு நாடா கோக்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். இதைக் கொண்டு முனைவர் பட்டம் வாங்க முடியாது, அவ்வளவு எளிமையாக இருக்கிறது என்று அவருடைய பேராசிரியர் சொன்னாராம். செல்டிங்கர் பட்டத்துக்கு வேறு தலைப்பு எடுத்துக்கொண்டார். அந்தக் கம்பி வித்தை இல்லாமல் இன்று உலகில் எந்த ஆஞ்சியோகிராமும் இல்லை.

இது வரைக்கும் குழாய் படம் எடுப்பதற்கு மட்டும்தான். படம் எடுத்தவர் ஃபிலிமை அறுவை சிகிச்சை நிபுணரிடம் கொடுப்பார், அவர் கத்தி எடுப்பார். இந்த எல்லையைத் தாண்டியவர் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் இருந்த சார்லஸ் டாட்டர். பார்ப்பதற்காக உள்ளே போன குழாயை வைத்து அங்கேயே சரிசெய்தால் என்ன என்று கேட்டவர் அவர். அவருக்கு வந்த ஒரு சீட்டில், படம் எடுத்துக் காட்டினால் போதும், சரிசெய்யப் பார்க்க வேண்டாம் என்று ஓர் அறுவை நிபுணர் எழுதி அனுப்பியது கதிரியல் உலகில் பிரபலமான கதை.

1964 ஜனவரி 16 அன்று, கால் விரல்கள் அழுகத் தொடங்கிய 82 வயது அம்மா ஒருவர் அவரிடம் வந்தார். காலை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், அந்த அம்மா மறுத்துவிட்டார். டாட்டர் தொடைத் தமனியின் அடைப்புக்குள் கம்பியைச் செலுத்தி, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று தடித்த குழாய்களைக் கோத்து, வழியை அகலப்படுத்தினார். கால் சூடானது. புண் ஆறியது. அந்த அம்மா சாகும்வரை சொந்தக் காலில் நடந்தார்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது டாட்டரின் துணிச்சலைவிட அந்த அம்மாவின் மறுப்பு. 'வெட்ட வேண்டாம்' என்று ஒரு நோயாளி சொன்னதிலிருந்து ஒரு மருத்துவத் துறையே கிளைத்தது. அப்பாவும் மதுரையில் முதலில் கேட்டது அதைத்தான். "வயித்தக் கிழிப்பீயளா?"

*

இனி என் தொழில் பக்கம் வருகிறேன். ஆஞ்சியோகிராம் குழாயைக் காட்டும், சுற்றியுள்ள சதையைக் காட்டாது. அதற்குக் கம்ப்யூட்டர் வர வேண்டியிருந்தது.

காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத எஞ்சினியர். பீட்டில்ஸ் பாடல்களை வெளியிட்ட அதே ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை. ஒரு பொருளைச் சுற்றிப் பல கோணங்களில் கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு குறைந்து வெளியே வருகிறது என்று அளந்தால், உள்ளே எந்தப் புள்ளியில் எவ்வளவு அடர்த்தி என்பதைக் கணக்குப் போட்டுவிடலாம் என்பது அவர் யோசனை. இதற்கான கணிதத்தை 1917-லேயே ஜோஹான் ராடன் எழுதி வைத்திருந்தார். அது ஹவுன்ஸ்ஃபீல்டுக்குத் தெரியாது, அவராகவே ஒரு வழி கண்டார். அவருடைய முதல் சோதனைக் கருவி ஒரு படத்துக்கான அளவுகளை எடுக்க 9 நாள் பிடித்தது. அதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட இரண்டரை மணி நேரம். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை ஸ்கேன் எடுக்கப்பட்டது. நெற்றிப்பக்கத்தில் கட்டி இருப்பது படத்தில் தெரிந்தது. திறந்து பார்த்தபோது படத்தில் இருந்தபடியே இருந்தது. 80-க்கு 80, ஆக 6,400 புள்ளிகள்தான் அந்தப் படம். 1979-ல் இதே கணக்கைத் தனியாக யோசித்திருந்த ஆலன் கார்மாக்குடன் சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார்.

சி.டி. ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண். அந்த அளவுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் 0. காற்று மைனஸ் 1000. அன்று ராத்திரி மாடியில் அப்பாவின் ஈரல்மேல் மவுஸை வைத்தபோது திரையின் ஓரத்தில் மாறிக்கொண்டிருந்த எண்கள் அவைதான்.

அந்த இரண்டு நிற மர்மமும் இங்கேதான் அவிழ்ந்தது. ஈரலுக்கு இரண்டு பக்கமிருந்து ரத்தம் வருகிறது. முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, கால் பங்கு தமனி வழியாக. நல்ல ஈரல் பெரும்பாலும் சிரையை நம்பி வாழ்கிறது. ஈரலில் பிறக்கும் புற்றுக்கட்டியோ தமனியைத்தான் உறிஞ்சும். அதனால் கையில் மருந்து ஏற்றியதும், அது தமனி வழியாக ஈரலுக்கு வந்து சேரும் முதல் சில நொடிகளில் கட்டி மட்டும் வெளுத்து மினுங்குகிறது. கொஞ்சம் கழித்துச் சிரை வழியாக மருந்து வந்து ஈரல் முழுக்க வெளுக்கும்போது, கட்டியிலிருந்து மருந்து வடிந்துபோய் அது கறுத்துத் தெரிகிறது. சிரோசிஸ் உள்ளவர்களுக்கு இந்த மினுக்கமும் கறுப்பும் தெளிவாக இருந்தால், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்காமலே இது ஈரல் புற்று என்று சொல்லிவிடுகிறார்கள்.

எது கட்டியைக் காட்டிக் கொடுக்கிறதோ, அதுதான் அதைத் தாக்கும் வழியும். தமனியை அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும், ஈரல் சிரையைக் கொண்டு பிழைத்துக்கொள்ளும். 1970-களின் கடைசியில் ஜப்பானின் ஒசாகாவில் யமடா என்பவரும் அவருடைய குழுவும் இதைச் செய்யத் தொடங்கினார்கள். கட்டிக்குப் போகும் தமனிக்கிளையில் புற்று மருந்தைக் கொடுத்து, ஜெலட்டின் துணுக்குகளால் அடைத்தார்கள். பிறகு கசகசா எண்ணெயும் இதில் வந்து சேர்ந்தது. லிப்பியோடாலைத் தமனியில் விட்டால் அது கட்டிக்குள் போய்த் தங்கிவிடுகிறது என்பதும் ஜப்பானியர்கள் கண்டதுதான். மருந்தை அதில் கலந்து அனுப்பினால் கட்டிக்குள்ளேயே இருக்கும், எங்கே போய் உட்கார்ந்தது என்று படத்திலும் தெரியும். 2002-ல் ஹாங்காங்கிலிருந்தும் பார்சிலோனாவிலிருந்தும் வந்த இரண்டு ஆய்வுகள், ஆபரேஷன் செய்ய முடியாத தகுந்த நோயாளிகளுக்கு இது ஆயுளைக் கூட்டுகிறது என்று காட்டின. அதற்குப் பிறகுதான் இது எல்லா இடத்திலும் முறையான சிகிச்சை ஆனது.

*

அப்பாவுக்கு முதல் முறை அடைத்தது 2018 செப்டம்பரில். உள்ளே போகும் முன் அவருக்கு இருந்த ஒரே கவலை, முழித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது. தொடையில் மட்டும் மரத்துப்போக ஊசி. மருந்து ஏறும்போது வயிற்றுக்குள் வெந்நீர் ஊற்றியது போலிருந்தது என்றார். தலைக்கு மேல் இருந்த திரையில் தன்னுடைய தமனி கிளைகிளையாக விரிவதைச் சரிந்து பார்த்திருக்கிறார். "மெயின் கால்வாய், பெறவு கிளை, பெறவு வாய்க்கா. அந்தப் பய கடைசி வாய்க்கால்ல ஒக்காந்திருக்கான்" என்று வெளியே வந்து சொன்னார். பிறகு ஆறு மணி நேரம் காலை அசைக்காமல் கிடந்தார். இரண்டாம் நாள் காய்ச்சலும் வயிற்று வலியும் வந்து, நாலு நாள் சோறு இறங்கவில்லை. 'கீறல் இல்லாத சிகிச்சை' என்பது 'நோகாத சிகிச்சை' இல்லை.

சின்னக் கட்டியை ஒரு மாதம் கழித்துச் சுட்டார்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்தி, நுனியில் மைக்ரோவேவ் சூட்டைக் கிளப்பிச் சில நிமிஷத்தில் கட்டியை வேகவைப்பது. மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால் இது நன்றாக வேலை செய்யும். பெரிய கட்டியை அப்படிச் சுட முடியவில்லை. பக்கத்தில் ஓடும் பெரிய குழாயின் ரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும், அந்த ஓரத்தில் புற்றணுக்கள் வேகாமல் தப்பிக்கும். ஓடும் வாய்க்கால் ஓரம் தீ வைத்தால் ஈரமண் எரியுமா? அதை அடைத்து, சுருங்க வைத்து, மறுபடி பார்த்து, மறுபடி அடைக்க வேண்டும். சிக்கலான கட்டி என்றால் அளவு மட்டுமில்லை, அது யாருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது என்பதும்தான். ஈரல் டாக்டர், அறுவை நிபுணர், கதிரியல் நிபுணர், புற்று மருத்துவர் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு இதை முடிவு செய்தார்கள்.

இதற்காக மொத்தம் ஐந்து தடவை மதுரைக்குப் போனோம். பெரியாச்சி தெற்கே கணவாய் தாண்டிப் போனார், அப்பா வடக்கே கங்கைகொண்டான் தாண்டிப் போனார். இடையில் எண்பது வருஷம். இந்த எண்பது வருஷத்தில் எவ்வளவோ நடந்திருக்கிறது. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். 1965-ல் திருநெல்வேலிக்கு மருத்துவக் கல்லூரி வந்தது. 2012-ல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் வந்தது. சென்னைக்கு 2009-ல் சைபர்நைஃப் வந்தது, 2019-ல் புரோட்டான் சிகிச்சை வந்தது. ஆனால் சாயங்காலம் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர்கள் கையைக் கவனியுங்கள். எந்தப் பெட்டியிலும் ஒரு பெரிய ஸ்கேன் கவர் இருக்கும். பெர்த்தில் சாய்த்து வைப்பார்கள், மடங்கிவிடக் கூடாது என்று தலையணைக்கு அடியில் வைப்பார்கள். கருவி இருக்கும் ஊருக்கு, அதைவிட முக்கியமாக அந்தக் குழாயைக் கையில் பிடிக்கப் பழகிய ஆள் இருக்கும் ஊருக்கு, நம் ஆட்கள் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

*

அப்பா அதற்குப் பிறகு நாலு பிசானம் பார்த்தார். நாலாவது அறுவடை முடிந்து, 2022 மாசியில் போனார். கடைசிப் படத்தில் கட்டி போர்ட்டல் சிரைக்குள் போயிருந்தது. ஈரல் எதை நம்பி இத்தனை நாள் பிழைத்ததோ, அந்த வழியையே அடைத்துவிட்டது. இனி மடை அடைக்க இடமில்லை என்று டாக்டர் சொன்னார். அப்பாவின் மொழியை அவரும் எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த மூன்றரை வருஷத்தைப் பற்றி எனக்குக் குறை இல்லை. அதில் அவர் என் மகளைத் தூக்கினார், ஆத்தில் குளித்தார், புது லஸ்கருக்கு ஷட்டர் பல் தேய்ந்திருப்பதைச் சொல்லிக் கொடுத்தார். என் குறை அதற்கு முந்தைய வருஷங்களைப் பற்றியது.

அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி இருந்தது. அது தெரிந்ததே கட்டி தெரிந்த பிறகுதான். பெரும்பாலும் கைக்குழந்தையாக இருக்கும்போது ஒட்டிக்கொள்வதுதான் ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது. நாற்பது, ஐம்பது வருஷம் சத்தமில்லாமல் ஈரலை அரிக்கிறது. அதைக் கண்டுபிடித்த புளூம்பெர்க் 1976-ல் நோபல் வாங்கினார். அவருடைய குழு நம் கீழாநெல்லியைக்கூட ஆராய்ந்தது. 1988-ல் சென்னையிலிருந்து தியாகராஜனும் குழுவினரும் கீழாநெல்லிக்குப் பலன் இருப்பதாக லான்செட்டில் எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் தெரியவில்லை. ஆனால் தடுப்பூசிக்குப் பலன் உண்டு. தைவானில் 1984-ல் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கினார்கள், சில வருஷத்தில் குழந்தைகளின் ஈரல் புற்று குறைந்தது. நம் நாட்டில் எல்லா மாநிலத்துக்கும் வர 2011 ஆயிற்று. அப்பாவுக்கு அது எட்டாது. அவருக்கு எட்டியிருக்கக்கூடியது வேறு: ஒரு ரத்தப் பரிசோதனை, அதில் தெரிந்திருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்ட். கட்டி ஒரு சென்டிமீட்டராக இருக்கும்போதே தெரிந்திருக்கும்.

நான் வேலை பார்ப்பது மானிட்டரிங் மென்பொருளில். எங்கோ இருக்கும் சர்வரில் நினைவகம் எண்பது சதவீதம் தாண்டினால் நடுராத்திரி என் போன் அலறும். யாருக்கும் தெரியாமல் எதுவும் நிரம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம். அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது வரைக்கும் ஒரு தடவைகூட ஈரலைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெட்டாமல் குணப்படுத்துவதன் வரலாறு என்று தேடப் போனேன். படித்து முடித்தபோது அது பார்ப்பதன் வரலாறாகத்தான் இருந்தது. எவ்வளவு தெளிவாகப் பார்க்கத் தெரிந்ததோ, அவ்வளவு குறைவாக வெட்டினால் போதும் என்று ஆனது. ஆனால் அந்த வரலாறு முழுக்கக் கருவி முன்னால் வந்து படுத்தவர்களுடையது. படுக்காதவர்களுக்கு இன்னும் 1908-தான். கன்னம் வீங்கினால்தான் கணக்கில் வருவார்கள்.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு இது சேர்ந்தே இருக்க வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கும் அக்காவுக்கும் பார்த்தோம், இல்லை, ஊசி போட்டுக்கொண்டோம். சித்தப்பா மட்டும் மூன்று வருஷம் பிடி கொடுக்கவில்லை. "எனக்கு ஒரு நோக்காடும் இல்லையேடே" என்பார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பைக்கில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். இருக்கிறது என்று வந்தது. அடுத்த வாரம் ஸ்கேன்.

இருட்டு அறையில் வயிற்றில் ஜெல் தடவி டாக்டரம்மா கருவியை உருட்டினார். சித்தப்பா தலையைத் தூக்கித் திரையைப் பார்க்க முயன்றார். அந்தம்மா திரையை அவர் பக்கம் திருப்பி, "இப்போதைக்குக் கட்டி எதுவும் இல்ல. ஆனா ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டணும்" என்றார்.

சித்தப்பா கொஞ்ச நேரம் அந்தச் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார். "அண்ணனுக்கும் இப்டி ஒருக்கா திருப்பிக் காட்டியிருந்தா?"

நான் போனை எடுத்து ஜூலையில் ஒரு தேதியைக் குறித்தேன்.